அடுத்தவர் பெயரில் விலைபோகும் கல்

எங்கள் பக்கம் கிணறு வெட்டினால் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, வெங்கச்சாங்கல் வந்துவிடும். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. அந்தப் பாறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை ஓடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாலை போடுவதற்காகப் பாறையை வெட்டிய இடங்களில் பஸ் ஜன்னலிலிருந்தே இதைப் பார்க்கலாம். கிணற்று வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பட்டையைக் கண்டாலே பிடிக்காது. உளியை மழுங்கடித்துவிடும் என்பார்கள்.

அந்தக் கல்தான் குவார்ட்ஸ். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது, வேறொன்றும் இல்லை. பூமியின் மேலோட்டில் ஏராளமாகக் கிடக்கிற இரண்டு தனிமங்களே அவைதான். அவை சேர்ந்து உண்டான கல்லுக்கு மட்டும் எப்படிப் பஞ்சம் வரும்? தென்பெண்ணை மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால் அதில் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான். பாறையில் இருக்கிற மற்ற கனிமங்கள் வெயிலிலும் மழையிலும் மெல்ல மெல்லக் களிமண்ணாகிப் போய்விடும். குவார்ட்ஸ் அப்படி எதற்கும் மசிவதில்லை. உடைந்து பொடியாகி மணலாக ஆற்றோடு போகும்.

கல் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று பத்தாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள், கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். கல் வளரும்போதே அதற்குள் நுண்ணிய நீர்க்குமிழிகள் லட்சக்கணக்கில் சிக்கிக்கொள்கின்றன. உள்ளே போகிற வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால் பால் மாதிரி தெரிகிறது. குமிழி இல்லாமல் நிதானமாக வளர்ந்திருந்தால் அதே கல்லுக்குப் பெயர் ஸ்படிகம். "அப்போ எங்க கிணத்துல தண்ணி இல்ல டீச்சர், கல்லுக்குள்ள இருக்குது" என்றான். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், அவன் அதைச் சிரித்துக்கொண்டு சொன்ன மாதிரி தெரியவில்லை.

அப்படியென்றால் இங்கே ஏன் நகைக்கு ஆகிற மாதிரி ஊதாக்கல் கிடைப்பதில்லை? படிகம் முகமும் முனையுமாக வளர அதற்கு ஒரு திறந்த பொந்து வேண்டும். பிரேசிலின் தெற்கே ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி ஆறியபோது, அதற்குள் வாயுக் குமிழிகள் பெரிய பெரிய பொந்துகளாகத் தங்கிவிட்டன. அந்தப் பொந்துகளின் சுவர் முழுக்க அமெதிஸ்ட் என்கிற ஊதா நிறக் குவார்ட்ஸ் வளர்ந்தது. எங்கள் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு. பூமியின் ஆழத்தில் நெருக்கிப் பிசையப்பட்டு உண்டானது. அங்கே பொந்துக்கு ஏது இடம்? விரிசல் கிடைத்த இடத்தில் அவசரமாக நிரம்பிக்கொண்டது இந்த வெள்ளைக் கல். ஒரு விரிசலிலோ ஓட்டையிலோ அபூர்வமாகத் தெளிந்த முனை ஒன்று அகப்படும். குழந்தைகள் அதை வைரம் என்று டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

ஊருக்குள் இந்தக் கல்லுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஜல்லியோடு ஜல்லியாகக் கிடக்கும். வேப்பனப்பள்ளி தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் கோலார் தங்கவயல் இருக்கிறது. 2001-இல் மூடும்வரை அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கித் தோண்டினார்களே, அது இந்தக் குவார்ட்ஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு போனதுதான். தங்கம் அந்த நரம்புக்குள் இருந்தது. நரம்பை உடைத்து அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு மாவை வெளியே கொட்டினார்கள். அந்தச் சயனைடு மேடுகள் இன்னும் அங்கே நிற்கின்றன. நகைக்கடையில் தங்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கிற அமெதிஸ்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். தங்கமும் குவார்ட்ஸும் ஒரே நரம்பில் கிடந்த பழைய உறவு.

இதை எழுத உட்கார்ந்த காரணம் என் மாமியார். அவருக்கு ஏழரைச் சனி. நீலம் போடச் சொன்னார் ஜோசியர். நீலத்தின் விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஜோசியரே ஒரு வழி சொன்னார்: நீலத்துக்குப் பதில் செவ்வந்திக்கல் போடலாம், அது உபரத்தினம், சனி பகவான் ஏற்றுக்கொள்வார். செவ்வந்திக்கல் என்பது அமெதிஸ்ட், அதாவது ஊதா நிறக் குவார்ட்ஸ். வட இந்திய வியாபாரிகள் கட்டேலா என்றும் ஜமுனியா என்றும் சொல்வார்கள். மாமியாருக்கு மோதிரம் வந்தது, எனக்கு இந்தக் கல்லின்மேல் கிறுக்கு வந்தது.

நவரத்தினப் பட்டியலை ஒரு தடவை மனசில் ஓட்டிப் பாருங்கள். மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புஷ்பராகம், வைரம், நீலம், கோமேதகம், வைடூரியம். ஒன்பதில் ஒன்றுகூடக் குவார்ட்ஸ் இல்லை. ஆனால் கடையில் இந்த ஒன்பதில் நான்குக்குக் குவார்ட்ஸ்தான் ஆள்மாறாட்டம் செய்கிறது. நீலத்துக்கு அமெதிஸ்ட். புஷ்பராகத்துக்குச் சுனெஹ்லா என்கிற மஞ்சள் சிட்ரின். வைடூரியத்துக்குக் கேட்ஸ் ஐ குவார்ட்ஸ். மரகதத்துக்குப் பச்சை ஓனிக்ஸ் என்று ஒன்றைக் காட்டுவார்கள், அது சாயம் ஏற்றிய கால்செடோனி, குவார்ட்ஸின் நுண்படிக வகை. புகை நிறக் குவார்ட்ஸை ஸ்மோக்கி டோபாஸ் என்று விற்பதும் உண்டு. டோபாஸ் வேறு கல், குவார்ட்ஸைவிடக் கடினமானது, எடையும் கூட. இப்படிக் குவார்ட்ஸ் எங்கே போனாலும் அடுத்தவர் பெயரில்தான் விலைபோகிறது. உபரத்தினம் என்று சொல்லி, அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. எங்கள் உறவினர் ஒருவருக்குச் சிட்ரினைக் கனக புஷ்பராகம் என்று சொல்லி, அந்த விலையையே வாங்கிவிட்டார்கள். அதுதான் என் கோபம். கையில் எடுத்துப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். புஷ்பராகம் தண்ணீரைப்போல் நான்கு மடங்கு எடை, குவார்ட்ஸ் இரண்டே முக்கால் மடங்குகூட இல்லை, 2.65 மடங்குதான்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கல்லில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். சுத்தக் குவார்ட்ஸுக்கு நிறமே கிடையாது. படிகத்துக்குள் சிலிக்கன் இருக்க வேண்டிய சில இடங்களில் இரும்பு அணு உட்கார்ந்துவிடும். மிகமிகச் சொற்பம்தான். அது மட்டும் போதாது. சுற்றியுள்ள பாறையிலிருந்து வருகிற இயற்கைக் கதிர்வீச்சு லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல அந்த இரும்பிலிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிட வேண்டும். அப்போதுதான் ஊதா வரும். இரும்புக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்து கதிர்வீச்சும் பட்டால் புகை நிறம். ரோஸ் குவார்ட்ஸ் விஷயம் வேறு. அதற்குள் வேறொரு கனிமத்தின் நுண்ணிய இழைகள் இருக்கின்றன, இளஞ்சிவப்பு அந்த இழைகளுடையது. அதனால்தான் அது எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கிறது. மாலைக்கும் வளையலுக்கும் சரி, பட்டை தீட்டிய மோதிரக் கல்லாக அது எனக்கு எடுபடுவதில்லை.

இப்போது அந்த ஊதாக்கல்லை எடுத்து 400, 500 டிகிரிக்குச் சூடாக்கினால் என்ன ஆகும்? தட்டிவிடப்பட்ட எலக்ட்ரான் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும், ஊதா போய்விடும். பெரும்பாலும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மாறும், சில சுரங்கத்துக் கல் மட்டும் பச்சையாகும். சந்தையில் சிட்ரின் என்று வருவதில் பெரும்பகுதி இப்படிச் சூடுபட்ட அமெதிஸ்ட்தான். இயற்கையிலேயே மஞ்சளாகப் பிறந்த சிட்ரின் அரிது, அது வெளிறிய நிறத்தில் இருக்கும். செம்மஞ்சளாகத் தீக்கொழுந்து மாதிரி ஜொலித்தால் அடுப்பைப் பார்த்த கல் என்று வைத்துக்கொள்ளலாம். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். சூடுபடுத்துவது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வழக்கம், நிறமும் நிலைத்து நிற்கும். ஆனால் சனிக்கு ஒரு கல், குருவுக்கு வேறொரு கல் என்று தனித்தனியாக எழுதிக்கொடுக்கிறவர்கள், சனியின் கல்லை அடுப்பில் வைத்தால் குருவின் கல்லாகிவிடுகிறது என்பதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஆசை. மாமியாருக்குப் பயந்து கேட்கவில்லை.

அமெதிஸ்ட் எப்போதும் இப்படி மலிவாக இருந்ததில்லை. ஐரோப்பாவில் மாணிக்கம், மரகதத்துக்குச் சமமாக மதித்த காலம் உண்டு. கத்தோலிக்க ஆயர்களின் மோதிரத்தில் இந்தக் கல் வைப்பது நெடுநாள் மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலிலும் உருகுவேயிலும் மலைமலையாகக் கிடைத்த பிறகு விலை சரிந்தது. கல் அதே கல், வரத்து கூடிவிட்டது, அவ்வளவுதான். தக்காளிக்கு நடப்பதுதான் இதற்கும் நடந்தது. கிரேக்கர்கள் இதை அணிந்தால் போதை ஏறாது என்று நம்பினார்கள், இந்தக் கல்லிலேயே கிண்ணம் செய்து குடித்தவர்களும் உண்டாம். நம் ஊர் டாஸ்மாக் வாசலில் இந்தச் செய்தியைப் பரப்பினால் கல்லின் விலை பழையபடி ஏறும்.

கதை என்று வந்துவிட்டதால், டெல்லி பர்ப்பிள் சஃபையர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெயர்தான் ஊதா நீலம், கல் அமெதிஸ்ட். இங்கேயும் அடுத்தவர் பெயர்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1857 கிளர்ச்சியின்போது கான்பூரில் இந்திரன் கோயிலிலிருந்து கொள்ளையடிக்கப்பட்டது என்றும், கொண்டுபோன குதிரைப்படை அதிகாரியின் குடும்பமே நொடித்துப்போனது என்றும் கதை. அப்புறம் எட்வர்ட் ஹெரன்-ஆலன் என்கிற அறிஞர் கைக்கு 1890-இல் வந்தது. அவருக்கும் கெட்ட காலம் தொடங்கியதாம். நண்பர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், அவர்களும் நொந்துபோய்த் திருப்பிக் கொடுத்தார்கள். கால்வாயில் வீசினார். மூன்று மாதம் கழித்து, தூர்வாரியபோது கிடைத்தது என்று ஒரு வியாபாரி கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் ஏழு பெட்டிகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இது சபிக்கப்பட்ட கல், இரத்தக் கறை படிந்தது, திறப்பவர் எச்சரிக்கையைப் படித்துவிட்டுக் கடலில் எறியட்டும் என்ற கருத்தில் 1904-இல் ஒரு கடிதமும் எழுதி வைத்தார். அவர் 1943-இல் இறந்த பிறகு மகள் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே ஹெரன்-ஆலன் புனைபெயரில் மர்மக் கதைகளும் எழுதுகிறவர். இப்படியொரு சபிக்கப்பட்ட கல்லைப் பற்றியும் கதை எழுதியிருக்கிறார். சாபம் முழுக்க அவருடைய கைவண்ணம் என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி. எனக்கு உறுத்துவது வேறு. கல்லின் சாபத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவருக்கு, கோயிலில் கொள்ளையடித்தது என்று தானே சொல்கிற பொருளைக் கோயிலுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று தோன்றவே இல்லை. கால்வாயில் வீசத் தெரிந்தது. இதைச் சொன்னபோது என் மாமியார், "நம்ம சனி பகவான் தேவலாம், ஏழரை வருசத்துல விட்டுடுவாரு" என்றார்.

ஸ்படிகத்துக்கு வருகிறேன். குவார்ட்ஸ் குடும்பத்தில் நம் ஊரில் உண்மையிலேயே மரியாதையோடு வாழ்வது இது ஒன்றுதான். இராமேசுவரத்தில் விடியற்காலையில் ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிதம்பரத்தில் சந்திரமௌலீசுவரராக இருப்பதும் ஸ்படிக லிங்கம்தான். அந்தக் காலத்தில் தஞ்சாவூர் பக்கத்து வல்லத்தில் கிடைத்த தெளிந்த குவார்ட்ஸ் கற்களைத் தேய்த்து மூக்குக் கண்ணாடி செய்தார்கள். ரோமானியர்களோ ஸ்படிகத்தைப் பனிக்கட்டி என்றே நினைத்தார்கள். இனி உருகவே முடியாத அளவுக்கு இறுகிப்போன பனி என்று பிளினி என்கிற அவர்களுடைய அறிஞர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஸ்படிக மாலையைக் கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று சொல்லி, தர்மபுரி வெயிலில் சித்திரை மாதம் முழுக்கக் கழுத்தில் போட்டுக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். குவார்ட்ஸ் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தோலில் பட்டதும் அங்கிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் குளிர்ச்சி தெரிகிறது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம் உறிஞ்ச ஒன்றுமில்லை. ராத்திரி தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் எடுத்துப் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. போட்டவுடன் வருகிற சுகத்துக்கு அது உத்தரவாதம்.

இந்தக் குளிர்ச்சியை வைத்தே பாதிப் போலியைக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி மணி கன்னத்தில் வைத்த உடனே சூடேறிவிடும், ஸ்படிகம் கொஞ்சம் தாங்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் உருண்டைக் காற்றுக் குமிழி தெரியும். ஸ்படிகத்துக்குள் இருந்தால் இறகு மாதிரி, மேகம் மாதிரிக் கீறல்கள் இருக்கும். பெரிய ஸ்படிக உருண்டையாக இருந்தால் அதன் கீழே ஒரு தலைமுடியை வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் எப்படி உருட்டினாலும் ஒன்றுதான். திருவிழாக் கடைகளில் துணியைப் போர்த்தி இருட்டாக்கி, இரண்டு மணிகளை உரசிப் பொறி காட்டுவார்கள். குவார்ட்ஸ் உரசினால் ஒளிரும், அது நிஜம்தான், தண்ணீருக்குள் உரசினாலும் ஒளிரும். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகிற மணி அதில் தேய்ந்துபோகும். கரண்ட் போன ராத்திரிகளில் நாங்கள் இரண்டு வெங்கச்சாங்கல்லை வைத்துக்கொண்டு இதே வித்தையை இலவசமாகப் பார்த்து வளர்ந்தவர்கள். தீய்ந்த மாதிரி ஒரு வாசம்கூட வரும்.

அடுத்தவர் பெயரில்தான் விலைபோகிறது என்று சொன்னேன் இல்லையா. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்தக் கல்லின் சொந்தப் பெயரைப் பெருமையாக அச்சடித்து விற்கிறார்கள். உங்கள் கைக்கடிகாரத்தின் முகப்பைப் பாருங்கள். அதுவும் எங்கள் ஓசூரிலேயே. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கியபோது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். சாவி கொடுக்கிற கடிகாரம் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த காலத்தில் குவார்ட்ஸ் கடிகாரத்தை நம்பி இறங்கினார்கள். எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அதே ஊரில் அதே நிறுவனம் நகையும் செய்கிறது.

கடிகாரத்துக்குள் இருப்பது இசைக்கவை வடிவத்தில் வெட்டிய ஒரு சின்னஞ்சிறு குவார்ட்ஸ் துண்டு. 1880-இல் பிரான்ஸில் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி கண்டுபிடித்த குணம் அது: குவார்ட்ஸை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். மறுபக்கமாக, மின்சாரம் கொடுத்தால் கல் நெளியும். பேட்டரி கொடுக்கிற மின்சாரத்தில் அந்தத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? இரண்டால் பதினைந்து முறை வகுத்துக்கொண்டே போனால் சரியாக ஒன்று வரும், நொடிமுள் ஒரு அடி எடுத்து வைக்கும். பசங்களிடம் கால்குலேட்டரைக் கொடுத்து வகுக்கச் சொன்னால் கடைசியில் ஒன்று வந்ததும் கைதட்டுவார்கள். உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை சீக்கோ 1969 டிசம்பரில் டோக்கியோவில் விற்பனைக்கு விட்டது.

கடிகாரத்துக்குத் தோண்டி எடுத்த கல் ஆகாது. குறையே இல்லாத படிகம் வேண்டும், அதனால் ஆலையில் வளர்க்கிறார்கள். குவார்ட்ஸ் துண்டுகளைக் காரம் கலந்த நீரில் போட்டு, எஃகுக் கலனில் கடும் அழுத்தத்தில் 350 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் கல் கரையும். கலனின் மேல்பகுதியில் தொங்கவிட்ட வித்துப் படிகத்தின்மேல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். இந்த வித்தை தெரிந்த பிறகு ஊதாவையும் மஞ்சளையும் அதே முறையில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். 1970-களிலிருந்து செயற்கை அமெதிஸ்ட் சந்தையில் இருக்கிறது. அதுவும் உண்மையான குவார்ட்ஸ்தான். எடை, கடினம், ஒளிவிலகல் எல்லாம் ஒன்றே. லென்ஸை வைத்துக்கொண்டு கடைக்காரர் சத்தியம் செய்தால் நம்பாதீர்கள், நல்ல ஆய்வகத்துக்கே இது நோகிற வேலை. இயற்கைக் கல்தான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சான்றிதழோடு வாங்க வேண்டியதுதான்.

மின்சாரம் வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, கிரிஸ்டல் வளையல் விற்கிறவர்கள் எனர்ஜி, அதிர்வு என்று பேசுவார்கள். அழுத்தினால்தான் மின்னூட்டம், அதுவும் துளி அளவு, விட்டால் போய்விடும். சும்மா கையில் கிடக்கிற வளையலுக்கு அதிர வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. நோய் தீரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ரோஸ் குவார்ட்ஸ் மாலையை நம்பிய ஒருவரை எனக்குத் தெரியும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சனிக்காக மோதிரம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அது மாமியாருக்கும் சனிக்கும் இடையே உள்ள விஷயம். மாத்திரை அப்படி இல்லை.

சூதுபவளத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கார்னீலியன் என்கிற சிவப்புக் கல். இதுவும் நுண்படிகக் குவார்ட்ஸ்தான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் சங்க காலத்து மணிப் பட்டறைகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஸ்படிகம், அமெதிஸ்ட், சூதுபவளம், பச்சைக்கல், நீலம் எல்லாம் முடிந்ததும் முடியாததுமாகக் கிடைத்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்வது இந்த ஊரைத்தான் என்பது ஆய்வாளர் கருத்து. சூதுபவளத்துக்கான கல் தமிழ்நாட்டுக்குக் குஜராத் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும். அங்கே இன்றைக்கும் காம்பத்தில் அதே தொழில் நடக்கிறது. மங்கலான பழுப்புக் கல்லைச் சூடாக்கினால் அதிலுள்ள இரும்பு சிவந்துவிடும். கல்லைச் சுட்டு நிறம் ஏற்றுவது இன்று நேற்று வந்த தந்திரம் இல்லை, ஆயிரக்கணக்கான ஆண்டு வழக்கம். கறுப்பு ஓனிக்ஸும் பெரும்பாலும் அப்படித்தான். கல்லைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, பிறகு கந்தக அமிலத்தில் போட்டால், உள்ளே போன சர்க்கரை கரியாகிக் கறுத்துவிடும்.

காம்பத் என்றதும் இன்னொன்று. அகேட், சூதுபவளம் தேய்க்கிற அந்தத் தொழிலாளிகளுக்கு சிலிகோசிஸ் வருவது பல காலமாக மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிற விஷயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும், குணப்படுத்த மருந்து கிடையாது. மோதிரத்தில் இருக்கிற கல்லால் ஒரு ஆபத்தும் இல்லை, அதைத் தேய்த்தவருக்குத்தான். எங்கள் மாவட்டத்து கிரானைட் குவாரியிலும் கிரஷரிலும் பறக்கிற தூசியும் இதே குவார்ட்ஸ்தான். கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் இருக்கும். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினால் தூசி எழும்பாது. தண்ணீருக்குச் செலவு என்று முதலாளிமார் சொல்வார்கள். என் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் அங்கே வேலை செய்கிறார்கள். அதனால் இந்தப் பாடம் வரும்போது புத்தகத்தில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. குவார்ட்ஸ் வைரம் மாதிரி தகதகக்காது. அதன் அழகு நிறத்திலும் வெட்டிலும் இருக்கிறது. கல்லின் அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டிவிட்டால் மேலிருந்து போன வெளிச்சம் திரும்பி வராமல் கீழே ஓடிவிடும். கல்லைப் பேப்பரின்மேல் வைத்து நடுவில் எழுத்து படிக்க முடிந்தால் வெட்டு சரியில்லை, வேறு காட்டச் சொல்லுங்கள். அமெதிஸ்டில் நிறம் ஒரு மூலையில் மட்டும் திரண்டு நிற்கும், வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்தால் தெரியும். அது இயற்கைக் குணம்தான், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். முக்கியமாக, பில்லில் கல்லின் எடையைக் கழித்துத் தங்கத்துக்குத் தனி விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஐந்து காரட் கல் ஒரு கிராம். அந்த ஒரு கிராமையும் தங்கத்தோடு சேர்த்து நிறுத்துவிட்டால், வெங்கச்சாங்கல்லின் சித்தப்பா மகனுக்குத் தங்க விலை கொடுத்தவர்களாகிவிடுவீர்கள்.

தினமும் போட இது தோதான கல். கடினத்தில், பத்து வரை போகிற மோஸ் அளவுகோலில் 7. வீட்டுத் தூசியிலேயே குவார்ட்ஸ் துகள் இருப்பதால் அதைவிட மென்மையான கண்ணாடி, ஓப்பல், முத்தெல்லாம் துடைக்கத் துடைக்க மங்கும். குவார்ட்ஸ் அவ்வளவு சீக்கிரம் மங்காது. மற்ற நகைகளோடு ஒரே டப்பாவில் போட்டால் மாணிக்கமும் நீலமும் இதைக் கீறும், இது முத்தைக் கீறும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு போட்டுக் கழுவினால் போதும். அமெதிஸ்டை ஜன்னலோரம் வெயிலில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், சில கற்கள் வெளுத்துவிடும்.

நெருப்புதான் இதற்கு ஆகாது. 573 டிகிரியில் குவார்ட்ஸின் உள்ளமைப்பே மாறும். அந்த நேரத்தில் திடீரென்று சூடேறினாலோ ஆறினாலோ விரிசல் விட்டுவிடும். அதற்கு முன்னாலேயே ஊதா நிறம் போய்விட்டிருக்கும். தங்கத்தைப் பற்றவைக்கிற சூடு இதற்கெல்லாம் மேலே. அதனால் மோதிரத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ கொடுத்தால் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும். மாமியாருக்கு இப்போது விரல் மெலிந்து மோதிரம் சுழல்கிறது. எங்கள் ஆசாரியிடம் போன வாரம் கொடுத்தோம். "கல்லக் கழட்டிட்டுத்தான் ஊதுவேன், நீங்க சொல்லணுமா டீச்சர்" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார். சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று மாமியார் நாள் குறித்துவிட்டு வந்திருக்கிறார்.